தலையாட்டிப் பாடகியை அழவைத்த கதை

வதங்கிய வெங்காயமும் கோழி சூப்பும் சேர்ந்து ஒரு மணம்... பாத்திரம் கழுவும் மெஷினைத் திறந்தால் அந்த மணத்தோடு முகத்தில் அடிக்கும் நீராவி. எழுபதுகளின் ரொறன்ரோ என்றால் எனக்கு அதுதான்.

பத்தர்ஸ்ட் வீதியில் யூதர்களின் கலியாண மண்டபம் ஒன்று. அதன் சமையலறையில் நானும் சிவலிங்கமும் வேலை. நான் எட்டாம் வகுப்பு. சிவலிங்கம் பி.ஏ. இரண்டு பேரும் கழுவியது ஒரே பாத்திரம்தான். அதைச் சொல்லிச் சொல்லியே அவனை ஒரு வழி பண்ணுவேன்.

ஆனால் அவனுக்கு சங்கீதம் என்றால் உயிர். சோப்புத் தண்ணீருக்குள்ளும் தாளம் போடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபத்தில் கச்சேரி. இஸ்ரேலில் இருந்து ஒரு இளம் பாடகி. (பெயர் சொல்ல மாட்டேன். பிறகு பெரிய ஆளாகிவிட்டா. சொன்னால் நீங்கள் எல்லாரும் கூகிளுக்கு ஓடிவிடுவீர்கள், என் கதையை ஆர் வாசிப்பது?) அந்த நாட்டில் பெட்டையளும் ஆமிக்கு, பட்டாளத்துக்கு, போகவேண்டும். இவ அங்கே ஆமிக்காரருக்குப் பாடும் குழுவில் பாடிப் பெயர் எடுத்து, பிறகு தனியாகப் பாடத் தொடங்கியவ. வெளிநாட்டுக்கு வந்தது அதுதான் முதல்தடவை.

அன்றைக்கென்று பார்த்துப் பனி கொட்டியது. பாதிச் சனம் வரவில்லை. முன்வரிசை வெறிச்சென்று கிடந்தது.

மண்டபத்து முதலாளிக் கிழவர் சமையலறைக்குள் ஓடி வந்தார். அவர் இங்கிலீசில் சொன்னதை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன்.

"ஏப்ரனைக் கழட்டுங்கோ! வெயிட்டர்மாரின்ரை கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னுக்குப் போய் இருங்கோ. நியூயோர்க்கிலை இருந்து ஒரு ஏஜென்ட் வந்திருக்கிறான். இண்டைக்குப் பிள்ளை நல்லாப் பாடினால் அமெரிக்கா முழுக்கக் கூட்டிக்கொண்டு போவான். இல்லாட்டி அடுத்த பிளேனிலை வீடுதான்."

போய் இருந்தோம். என் கோட்டுக்குள் இன்னொரு ஆள் குடியிருக்கலாம், அவ்வளவு பெரிசு.

பிள்ளை கிற்றாரோடு வந்து மெதுவாக ஒரு பாட்டு எடுத்தா. எபிரேய மொழி. ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் சிவலிங்கம் என் தொடையில் இடித்தான்.

"டேய் மணியம்... இது எங்கட கீரவாணியெல்லோ!"

அவ்வளவுதான். கண்ணை மூடினான். பல்லுக்குத்து வந்தவன் மாதிரி முகத்தைச் சுழித்தான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். நாக்கை வேறு "ச்சு... ச்சு..." என்று கொட்டினான். எனக்கு ராகமும் தெரியாது, ஒரு கோதாரியும் தெரியாது. பி.ஏ. ஆட்டினால் எட்டாம் வகுப்பும் ஆட்டத்தானே வேணும்? நானும் ஆட்டினேன். அவனை விடப் பலமாக.

மேடையில் குரல் நடுங்கியது. நாங்கள் உருக்கம் என்று நினைத்தோம். இன்னும் ஆட்டினோம்.

இரண்டாம் பாட்டில் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடிவிட்டா!

கிழவர் வந்து எங்கள் இரண்டு பேரையும் கோட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனார்.

"என்ன வேலை பாத்தனீங்கள்? முன்னுக்கு இருக்கிற ரெண்டு பேருக்கும் என்ரை பாட்டே பிடிக்கேல்லை எண்டு பிள்ளை அழுகுது! எங்கட ஆக்களுக்குத் தலையை அப்பிடி ஆட்டினாலும் 'வேண்டாம்' எண்டுதான் அர்த்தம், நாக்கை அப்பிடிக் கொட்டினாலும் அதுதான்!"

பிள்ளை கண் சிவந்துபோய் இருந்தா. "என்ன பிழை விட்டனான்? சுருதியோ?" என்று கேட்டா.

"நோ, நோ! வெரி குட்!" என்றேன். சொல்லும்போது பாழாய்ப்போன தலை தானாக ஆடியது. வாயும் நோ, தலையும் நோ. நடுவில் கிடந்த குட் ஆருக்குக் கேட்டது?

"ஆட்டாமல் சொல்லு!" என்று கிழவர் கத்தினார்.

இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு "வெரி குட்" என்றேன். செத்தவீட்டில் இருப்பவன் மாதிரி இருந்திருக்கும். பிள்ளை இன்னும் அழுதா.

அப்போதுதான் சிவலிங்கம் ஒன்று செய்தான். கண்ணை மூடி, அவ பாடிய முதல் பாட்டைச் சொல் இல்லாமல் மெட்டாகவே பாடினான். தொடையில் தாளம், தலை ஆட்டம், ச்சு கொட்டல், எல்லாத்தோடும்.

பிள்ளை மூக்கைத் துடைத்துவிட்டு அவனையே பார்த்தா. பிடிக்காதவன் ஒருக்கால் கேட்டுவிட்டு இப்படிப் பாடுவானோ? அவவின் தலையும் மெல்ல மெல்ல ஆடத் தொடங்கியது. கிழவரின் தலையும்தான். அவர் கவனிக்கவில்லை.

திரும்ப மேடை. நாங்கள் பயத்தில் கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டு சிலை மாதிரி இருந்தோம். நாலு வரி பாடினா. பிறகும் நிறுத்திவிட்டா!

மைக்கிலேயே எங்களைப் பார்த்துக் கேட்டா: "என்ன, இந்தப் பாட்டுப் பிடிக்கேல்லையோ?"

மண்டபம் முழுக்க எங்களை எட்டிப் பார்க்கிறது... ஆட்டினோம் பாருங்கோ, கழுத்து கழண்டு மடியில் விழுகிற மாதிரி! பிள்ளை சிரித்துக்கொண்டே சனத்துக்குக் கதையைச் சொல்லி, "பிடிச்சால் எல்லாரும் இவையைப் போல ஆட்டுங்கோ" என்றா. தொப்பி வைத்த தாத்தாமார், முத்துமாலை போட்ட அம்மாமார், எல்லாத் தலையும் ஆடியது. நியூயோர்க் ஏஜென்டும் ஆட்டினான்.

அவன் அவவை அமெரிக்கா முழுக்கக் கூட்டிக்கொண்டு போனான். பிறகு இசைத்தட்டு, ரிவி, பெரிய பெரிய அரங்கு. ரொறன்ரோவுக்கும் திரும்ப வந்தா. அந்த முறை முன்வரிசை எங்களுக்கு எட்டவில்லை. கடைசி வரிசையில் இருந்து ஆட்டினோம்.

சிவலிங்கம் போய்ச் சேர்ந்துவிட்டான். போன மாதம் ஸ்காபரோவில் ஒரு கச்சேரிக்குத் தனியாகத்தான் போனேன். பாடின பிள்ளை தேன். ஆனால் சபையில் ஒரு தலை ஆடவில்லை. எல்லாரும் போனை முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் இருக்கினம். தலை ஆடினால் வீடியோ ஆடிப்போடுமாம்.

பாவம் அந்தப் பிள்ளை... அழுகிறதென்றாலும் ஆருடைய முகத்தைப் பார்த்து அழுகிறது?