முப்பத்தெட்டு மார்க்

டோரிஸ் டீச்சரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம் வரும், பின்னாலேயே அழுகையும் வரும். மலாயாவின் லாபிஸில் எங்கள் மிஷன் பெண்கள் பள்ளியில் மொத்தம் நான்கு டீச்சர்கள். 1931இல் ரப்பர் விலை விழுந்ததும் இருவரை நிறுத்திவிட்டார்கள். ஏழாம் வகுப்பு, கணக்கு, ஹாஸ்டல், வாலிபால் எல்லாம் டோரிஸ் டீச்சர் தலையில் விழுந்தன. சம்பளமோ பாதி. கல்யாணம் செய்தால் அந்த வேலையும் போய்விடும் என்பதால் முப்பத்திரண்டு வயதிலும் தனியாகவே இருந்தார். பந்து வலை கிழிந்தால் மீன்வலை நூலை வாங்கி அவரே முடிச்சுப் போடுவார்.

எங்கள் அணிக்கு உயிர் வெள்ளையம்மா. ரப்பர் தோட்டத்துப் பிள்ளை, ஹாஸ்டலில் இலவச இடம். எல்லாப் பாடத்திலும் நாற்பது மார்க் வாங்கினால்தான் அது நிலைக்கும். அவள் அப்பா சின்னத்தம்பிக்கு வேலை போய்விட்டது. குடும்பத்தோடு இந்தியாவிலுள்ள ஊருக்குக் கப்பலேற்றப் பெயர் எழுதிவிட்டார்கள். இடம் நிலைத்தால் அவள் மட்டும் இங்கே தங்கிப் படிக்கலாம். இல்லையென்றால் அவளும் கப்பலேற வேண்டியதுதான்.

கணக்கில் அவள் புலி. ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் அப்பாவோடு நின்று பழகி, எல்லாவற்றையும் மனத்திலேயே போடுவாள். வழி எழுத மட்டும் சோம்பல்.

"விடைதான் வந்துருச்சே டீச்சர், அப்புறம் எதுக்கு எழுதணும்?" என்பாள்.

பந்தாடும் பிள்ளைகளுக்கு டோரிஸ் மார்க்கை வாரி இறைக்கிறாள் என்று ஊரில் ஒரு பொறாமைப் பேச்சு. டீச்சருக்கு நேர்மைதான் சொத்து. திமிரும் அதுதான். எங்கள் அணியின் தாள்களை மட்டும் இரண்டு மடங்கு கறாராகத் திருத்துவார். ஆண்டுப் பரீட்சையில் வெள்ளையம்மாவின் விடைகள் எழுபத்தாறு மார்க்குக்குச் சரி. வழி எழுதவில்லை என்று ஒவ்வொன்றிலும் பாதியை வெட்டி முப்பத்தெட்டு போட்டார். வருடா வருடம் பள்ளிக் கமிட்டி இரண்டு மூன்று மார்க் கருணை காட்டித் தேற்றிவிடும். அந்த நம்பிக்கைதான் டீச்சருக்கு.

அந்த வருடம் கமிட்டிக்கு இலவச இடங்களைக் குறைக்க வேண்டியிருந்தது.

"நீங்க போட்ட மார்க்குதானே டீச்சர்? நாங்க எப்படி மாத்தறது?" என்றார் செயலாளர் மரியநாதன்.

"தப்பு என்னோடதுங்க சார். நானே திருத்தித் தர்றேன்."

"ஆட்டத்துக்காக மாத்துனாங்கன்னு ஊரு பேசும் லா."

அந்தப் பேச்சுக்குப் பயந்துதானே டீச்சர் வெட்டினார்!

வழியனுப்ப நாங்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனோம்.

"டீச்சர், என் விடையெல்லாம் சரியா?" என்று வெள்ளையம்மா கேட்டாள்.

"எல்லாம் சரிம்மா."

"அப்பச் சரிங்க டீச்சர்," என்று தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது டீச்சருக்கு மனம் ஆறியிருக்கும்.

மறுவாரமே டீச்சர் வலையை அவிழ்த்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். அடுத்த பரீட்சையில் நான் வேண்டுமென்றே ஒரு கணக்குக்கும் வழி எழுதவில்லை. முழு மார்க் போட்டிருந்தார். அந்தத் தாளை அவர் கண்ணெதிரிலேயே கிழித்தேன். அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்.