குழம்பின் பெயர் கேட்டுக் கொடுத்த டிரங்க் லைன்

ஒரு குரல் தன்னை இன்ன ஊர் என்று சொல்லும்போது, அது அந்த ஊர்தான் என்று எப்படி நம்புவது? செங்கல்பட்டு டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் கால்களை இணைக்கும் வேலை பார்க்கும் எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

எங்கள் வேலையில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் நான் “செங்கல்பட்டு”. எதிரில் இருப்பவர் “மெட்ராஸ்”. ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், லைனைக் கொடுத்துவிடுவோம்.

மகாபலிபுரத்திலிருந்து மெட்ராஸுக்குப் பேசுகிறவர்கள் எங்கள் வழியாகத்தான் பேச வேண்டும். எங்களிடமிருந்து மெட்ராஸுக்கு இரண்டு வழி. நேர் லைன்கள் எப்போது பார்த்தாலும் என்கேஜ்டு. இன்னொன்று, கடலோரத்துச் சின்ன எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் வழியாக, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. அதுதான் சீக்கிரம் கிடைக்கும். பேச்சு கசிவதும் அதில்தான் என்று புகார்.

புகார் சொன்னவர் மகாபலிபுரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். இளைய மகளுக்கு மெட்ராஸில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். போனில் பேசியதை யாரோ கேட்டு, மாப்பிள்ளை வீட்டில் இல்லாததைச் சொல்லிக் கலைத்துவிட்டார்கள்.

“நான் பேசறது இன்னா ரேடியோவாம்மா? டீக்கடையில கூட எங்க வூட்டுப் பேச்சுதான் ஓடிகினு கீது!” என்று என்னிடம் கத்தினார்.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். “நடுவுல யாரோ பூந்து எக்ஸ்சேஞ்சு மாதிரியே பேசறாங்க போல. எந்தக் காலை எந்த வழியா அனுப்பறதுன்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. ஆளை உறுதி பண்ணிட்டுக் குடுங்க.”

எப்படி உறுதி செய்வது? யோசித்து யோசித்து, ஒரு வழி கண்டேன். தினமும் காலையில் நேர் லைனில் மெட்ராஸ் ஆபரேட்டரிடம் ஒரு குழம்பின் பெயரைச் சொல்வேன்; அவர் மூலமாக அது கடலோர எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விடும். நான் “இன்னைக்கு என்ன குழம்பு?” என்று கேட்டால் அவர்கள் அதைத்தான் சொல்ல வேண்டும். ஒட்டுக்கேட்பவர் காதில் அது வெறும் அரட்டையாக விழும். அடிக்கடி கேட்டால் அவருக்கும் தெரிந்துவிடுமே என்று, முக்கியமான கால்களுக்கு மட்டும் கேட்பேன்.

“இன்னாடி, எக்ஸ்சேஞ்சா இது, மெஸ்ஸா?” என்பாள் பக்கத்து சீட்டுத் தோழி. “அப்பளமும் உண்டான்னு கேளு!”

அன்று மோர்க்குழம்பு. சாப்பாட்டு நேரம் முடிகிற சமயத்தில் பாய் கூப்பிட்டார். குரலே வேறாக இருந்தது.

“எந்த வழியா வேணா போடும்மா. பெரியவளைப் பிரசவத்துக்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில சேத்து கீது. ஆபரேஷன்னு சொல்றாங்களாம். ரொம்ப பேஜாரா கீதும்மா.”

நேர் லைன் ஒன்றும் காலியில்லை. கடலோர வழியைக் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னது.

“இன்னைக்கு என்ன குழம்பு?”

“வத்தக்குழம்பு. ஏன், ஒரு கிண்ணம் அனுப்பட்டா?” என்று சிரித்தது.

என் கை தானாகவே போர்டில் செருகியிருந்த வயரைப் பிடுங்கியது. ஏற்கெனவே ஒரு மகளின் கல்யாணம் நின்றது இந்த வழியில்தானே? நேர் லைன் காலியாகும்வரை பாய் மறுமுனையில் “யா அல்லா, யா அல்லா” என்றுகொண்டே இருந்தார். லைன் கிடைத்தபோது மகளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். “தாயும் புள்ளையும் சொகம்மா. பேரன் பொறந்துகீறான்.” பிறகு சொன்னார்: “உள்ள போறதுக்கு முன்ன, அத்தா கொரலைக் கேக்கணும், போன் வந்துச்சான்னு கேட்டுகினே இருந்துச்சாம்.”

என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் தேவலை.

கடலோர எக்ஸ்சேஞ்சில் விசாரித்தேன். வழக்கமாக இருப்பவர் சாப்பிடப் போயிருந்தாராம். மாற்றாளாக உட்கார்ந்தவர், “எனக்கு யாரும் குழம்பைப் பத்தி சொல்லவுமில்ல, நீங்க கூப்பிடவுமில்ல” என்கிறார். அப்படியானால் சிரித்தது யார்? நிஜமாகவே வத்தக்குழம்பு வைத்துவிட்டு வேலைக்கு வந்த ஒருத்தியா, இல்லை நான் பயந்த அந்த ஆளா?

இப்போது மேலதிகாரி, அந்த வழியை அவசர கால்களுக்கு வைத்துக்கொள்ளலாமா, மூடிவிடலாமா என்று என் கருத்தைக் கேட்டிருக்கிறார். மூடச் சொல்லலாம் என்று நினைத்தால், ஊரப்பாக்கத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் விட்டுவிட்டு வரும் என் குழந்தை கண்ணில் நிற்கிறது. காய்ச்சல் கண்டால் வலிப்பு வருகிற குழந்தை. ஒரு நாள் அக்கா மருந்துக்கடை போனிலிருந்து என்னைக் கூப்பிட, நடுவில் யாரோ ஒருத்தி குழம்பு கேட்டுக்கொண்டிருந்தால் நான் பொறுத்துக்கொள்வேனா? வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்றால், பாயின் இளைய மகளுக்கு இப்போது மறுபடியும் சம்பந்தம் பேசுகிறார்கள்; அவசரக் காலில் கசிகிற ஒரு வார்த்தை போதும், அதையும் கலைக்க.

டிரங்க் காலுக்காகக் காத்திருந்து தவித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். வீட்டு விஷயம் தெருவுக்கு வந்து தலைகுனிந்தவர்களும் இருப்பீர்கள். ஆஸ்பத்திரிக் கால் என்றால், சொல் பொருந்தாவிட்டாலும் லைனைக் கொடுத்துவிடலாமா? உங்கள் வீட்டுக் காலாக இருந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புவீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.