சிவப்புக் குச்சிக்குப் பசி

மாரண்டஹள்ளியில் என் கணவருக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்கும் கடை. சரக்கெடுக்கப் பெங்களூர் போனவர், ஒரு நாள் பேட்டரிகளோடு ஒரு தெர்மாகோல் பெட்டியையும் கொண்டுவந்தார். வேனிலிருந்து இறங்கும்போது, ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைத் தூக்கி வருகிறவர் மாதிரி அதை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

கடல் எங்களுக்கு எந்தத் திசையில் போனாலும் தூரம்தான். ஆனாலும் எங்கள் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தண்ணீர் பல்லில் கறை ஏற்றும் தண்ணீர். அதை ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்தமாக்கி, மூட்டையில் வரும் கடலுப்பைக் கலந்து, இரண்டு கோமாளி மீன்களையும் கொஞ்சம் மென்பவளங்களையும் அவர் வளர்த்துவந்தார். பார்க்க வருகிறவர்கள், "கல்லுப்பு போட்டா ஆகாதுங்களா?" என்று கேட்பார்கள். அவரும் சலிக்காமல் விளக்குவார்.

பெட்டியைத் திறந்தபோது நானும் அவர் தங்கையும் எட்டிப் பார்த்தோம். என் நாத்தனார் பாலக்கோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம், எங்களோடுதான் இருந்தாள். தண்ணீர்ப் பைக்குள் உள்ளங்கை உயரத்துக்குக் கிளை பிரிந்த செக்கச்செவேலென்ற ஒன்று நின்றது. மிளகாய்ச் செடியை இலையெல்லாம் உருவிவிட்டுச் சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்தது போல இருந்தது.

"என்னாண்ணா இது, குச்சி வாங்கியாந்திருக்க?"

"குச்சி இல்ல புள்ள. பவளம். கார்கோனியன்னு பேரு. கடல் விசிறி இருக்குல்ல, அந்த வம்சம். உசுரோட இருக்குது."

நான் முறைத்தேன். நம் கடலிலிருந்து பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும்.

"அப்படிப் பாக்காத. வெளிநாட்டுல தொட்டியிலயே வளத்ததும்மா. பேப்பரெல்லாம் குடுத்திருக்காங்க," என்று உறையை எடுத்துக் காட்டினார். "தீனியெல்லாம் தேவையில்லையாம். நல்லா லைட்டு மட்டும் காட்டுனா போதுமாம்."

பெங்களூர்க் கடையில் எடுத்த படத்தை அவர் போனில் பார்த்தபோது என் கோபம் போய்விட்டது. கிளை முழுக்க வெள்ளை வெள்ளையாக நட்சத்திரப் பூக்கள். ஒவ்வொரு பூவும் ஓர் உயிராம். இந்தக் கூட்டம் மொத்தமும் சேர்ந்துதான் அந்தச் செடியாம்.

எங்கள் தொட்டியில் ஒரு பூகூட விரியவில்லை. விளக்குக்கு நேர் கீழே உயர்த்தி வைத்துப் பார்த்தார். அதன் மேல் பாசிதான் படர்ந்தது. இன்னும் சில வாரத்தில் ஒரு கிளை நுனியில் சிவப்புத் தோல் உரிந்து, உள்ளிருந்து கருப்புக் கம்பி போல ஒன்று எட்டிப் பார்த்தது. தக்காளி கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர், "அதைப் புடுங்கிப் போடுங்க, எங்கூட்ல இருந்து நல்ல துளசியா ஒண்ணு தரேன்," என்றார். என் கணவர் சிரித்தாரே தவிர, அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். ரத்தமும் சிறுநீரும்தான் என் உலகம். அந்த உரிந்த நுனியைக் கத்தரித்து, கொஞ்சம் கடல்நீரோடு ஒரு சாம்பிள் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நோயாளிகள் போன பிறகு கிளினிக்கை நடத்தும் டாக்டரம்மாவிடம் மைக்ராஸ்கோப்பைக் கேட்டேன்.

"பவளத்துக்கு டெஸ்டா? பேஷன்ட் வயசு என்னன்னு போடுவீங்க?" என்று சிரித்தவர், தானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில், இன்னும் தோலோடு இருந்த பகுதியிலிருந்து விரியாத மொட்டு ஒன்றை எடுத்துக் கண்ணாடித் துண்டில் நசுக்கிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிழைக்கும் பவளங்களுக்குள் பழுப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாகப் பாசி குடியிருக்கும். பவளத்துக்குச் சமைத்துப் போடுவது அந்தப் பாசிதான். எங்கள் தொட்டியின் மென்பவளத்தில் ஒரு துணுக்கை ஒப்பிட எடுத்துப் போயிருந்தேன். அதில் கடுகு கொட்டியது போல உருண்டைகள் நிறைந்திருந்தன. சிவப்புக் குச்சியில் ஒன்றுகூட இல்லை. மறுபடி நசுக்கிப் பார்த்தேன். இல்லவே இல்லை.

பிறகு கொஞ்சம் தோலைச் சுரண்டி, தரை கழுவும் பிளீச்சிங் திரவத்தை ஒரு சொட்டு விட்டேன். சதை கரைந்து போனது. மிஞ்சியதைப் பார்த்ததும் லென்ஸைக் கூட்டி வைத்து மறுபடி பார்த்தேன். சுண்ணாம்பாலான நுண்ணிய ஊசிகள், இரண்டு பக்கமும் கூர்ந்து, உடம்பெல்லாம் கரணை கரணையாக, முள்வெள்ளரிப் பிஞ்சுகளைச் சிவப்புக் கண்ணாடியில் வார்த்தது போலக் கிடந்தன. இந்த ஊசிகளின் வடிவத்தை வைத்துத்தான் எந்த இனமென்று சொல்வார்களாம். "எங்க, நகருங்க," என்ற டாக்டரம்மா கண்ணை எடுக்கவே இல்லை. ரத்த அணுக்களையே பார்த்துப் பழகிய எனக்கு அன்று தேர்த் திருவிழாவுக்கு வந்த மாதிரி இருந்தது.

இணையத்தில் இருந்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முழுப்பெயர் பிடிபடவில்லை, இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் குடும்பம் எதுவென்று ஓரளவு தெரிந்தது. அது வெளிச்சத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பம் இல்லை. உடனே என் கணவரின் கடைக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, அதுக்கு நோயெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பசி!"

"என்னது?"

"லைட்டு சாப்பிடற ஜாதி இல்லீங்க அது. வாயில ஊட்டணும்."

"அடக் கடவுளே, இத்தன நாளா பட்டினி போட்டுட்டனா!" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இன்னொரு வாய்க்கும் சமையல் ஆரம்பித்தது. ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர் இறாலின் முட்டை மணல் போலப் பொடியாகக் கிடைக்கும். தலைகீழாகக் கவிழ்த்த கூல்டிரிங்ஸ் பாட்டிலில் உப்புத்தண்ணீர் ஊற்றி, முட்டையைப் போட்டு, காற்றுக் குழாயை விட்டால், மறுநாள் ஆரஞ்சுத் தூசியாகக் குஞ்சுகள் துள்ளும். அந்தப் பாட்டில் என் சமையல் மேடையில், புளி ஜாடிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. குச்சியை விளக்கடியிலிருந்து இறக்கி, நீரோட்டம் நன்றாக வரும் நிழலான இடத்தில் வைத்தோம்.

ஊட்டுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் இயந்திரத்தை முதலில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தீனியையும் சேர்த்துத் தள்ளிவிடும். பிறகு குஞ்சுகள் இருந்த தண்ணீரை மட்டும் சிரிஞ்சில் கொஞ்சம் விட வேண்டும். வாசனை போய்ச் சேர்ந்து பூக்கள் விரிந்தால்தான் சாப்பாடு. ஆனால் வாசனை காட்டியும் எங்கள் குச்சி அசையவில்லை. அதற்கு மேல், உடம்பெல்லாம் மெழுகுத் தாள் போல ஒரு படலம் வேறு மூடிக்கொண்டது. "போச்சு," என்று உட்கார்ந்துவிட்டார் என் கணவர். இந்த இனம் அவ்வப்போது தோலுரிக்கும் என்று படித்திருந்த நான், நீரோட்டத்தை அதன் பக்கம் இன்னும் வேகமாகத் திருப்பிவிட்டேன். படலம் கிழிந்து கிழிந்து மிதந்து போனது. அடியில் புதுச் சிவப்பு.

ஒரு மாலை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நாத்தனார் பையைக்கூடக் கழற்றாமல் சிரிஞ்சை எடுத்தவள், வீடே அதிரக் கத்தினாள். "அண்ணி! ஓடியாங்க! ஒண்ணு தொறந்திருச்சு!"

ஒன்றே ஒன்று. அடிக்கிளையில், எட்டுக் கைகளோடு, கையெல்லாம் சிறகு போலப் பிசிறுகளோடு, அரிசி அளவுகூட இல்லாத வெள்ளைப் பூ. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இறால் குஞ்சைப் பிடித்து, கையை மடித்து, வாய்க்குள் வைத்துக்கொண்டது. என் கணவர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். அன்று எங்கள் வீட்டில் கேசரி.

அதற்குப் பிறகு கிளை கிளையாக விரிந்தது. தீனி அதிகமானதால் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. வாளி தூக்கித் தூக்கி எல்லோருக்கும் இடுப்பு வலித்தது, யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கையில் ஓசூரிலிருந்து நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தார்கள். சாயங்காலம் என்று சொன்னவர்கள் மதியமே வந்து நின்றார்கள். அப்போது என் கணவர் லுங்கியும் ஈரக்கையுமாகத் தொட்டியருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு மானம் போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா பாயில் உட்காராமல் நேராகத் தொட்டிக்கு வந்தார். அவர் பேச்சில் கன்னடம் கலந்து வரும்.

"ஏனப்பா இது? செடியா?"

"செடி மாதிரிங்க..." என்று என் கணவர் இழுத்தார்.

உள்ளறையிலிருந்து, பட்டுப்புடவை பாதி மடிப்பில் இருக்க, என் நாத்தனாரின் குரல் வந்தது. "செடி இல்லீங்க, பிராணி! அண்ணா, தப்பாச் சொல்லாத!"

சொன்னதோடு நிற்காமல் கொசுவத்தைச் செருகிக்கொண்டு வெளியே வந்தேவிட்டாள். காபித் தட்டும் இல்லை, தலைகுனிவும் இல்லை. எட்டுக் கைகளைக் காட்டினாள், வகுப்பெடுத்தாள், சிரிஞ்சை அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்தாள். "மெதுவாங்க. மூஞ்சியில அடிக்கக் கூடாது. தண்ணி ஓட்டத்துல விடுங்க, அதுவே புடிச்சுக்கும்."

"நோடு, நோடு! இங்க பாரு, வாய்க்குள்ள போட்டுக்கிச்சு!" அந்த அம்மா குழந்தை போலக் கூவினார். மாப்பிள்ளை பின்னால் நின்று எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தன வேளைங்க ஊட்டணும்?"

"மூணு வேளை."

"எங்கூட்ல எனக்கே ரெண்டு வேளைதாங்க."

என் நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்த பிறகுதான் காபி என்ற ஒன்று எங்கள் நினைவுக்கு வந்தது. அவர்கள் போனதும் அவளைத் தனியாகக் கேட்டேன். "நல்லாச் சிரிக்க வெக்கிறாருங்க அண்ணி," என்றாள். அதுவே சம்மதம்.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து, ஒரு கிளையை வெட்டி, சின்னக் கல்லில் பசையால் ஒட்டி, ஓசூருக்குக் கொடுத்தனுப்பினோம். அங்கே அதற்கென்று சிறு தொட்டி ஒன்று தயாராக இருந்தது. இப்போது அதற்கு ஊட்டுவது என் நாத்தனாரும் இல்லை, அவள் வீட்டுக்காரரும் இல்லை. இருவரும் வேலைக்குப் போய்விடுவதால் மாமியார் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். போன வாரம் எனக்கு வீடியோ கால் செய்தார். போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்திருந்ததால் சிவப்பாக ஏதோ கலங்கித் தெரிந்தது, அவ்வளவுதான்.

"தெரியுதாம்மா? நுனியில புதுசா தளிர் மாதிரி வந்திருக்குது. நேத்து இல்ல, இன்னிக்கு இருக்குது. நான்தான் ஊட்டுனேன்!"

"தெரியுதுங்கம்மா," என்றேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் என் கணவரைக் கூப்பிட்டு, அவரையும் பார்க்கச் சொன்னேன்.