பனி கடைசியாக உருகும் இடம்

மூன்று ஊர்களின் படங்களை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, நாளைக்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று என் மகள் எழுதியிருந்தாள். மூன்றும் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குக்குப் போகிற ஊர்கள். அவளும் மருமகனும் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார்கள். ஒன்பது வயதில் ஒரு பேத்தி. ஈஸ்டர் விடுமுறைக்கு நாங்கள் இரண்டு பேரும் அங்கே போய், எல்லோருமாக ஒரு வாரம் பனியில் இருப்பது என்று பேச்சு. ஊரைத் தேர்ந்தெடுக்கிற வேலை மட்டும் எப்படியோ கோவில்பட்டியில் என் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

எப்படியோ என்ன, என்னால்தான். நான் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள். ஆல்ப்ஸைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேனோ. அந்த மிதப்பில், "நீ படத்தை அனுப்பு, நான் சொல்லுதேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டேன். ஃப்ரீசரில் கட்டியிருக்கிற ஐஸைத் தவிர வேறு பனியை நான் கண்ணால் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

குளிர்காலமெல்லாம் முடிந்த பிறகு பனி பார்க்கப் போவார்களா என்று என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி கேட்டாள். அதற்குக் காரணம் எங்கள் வீட்டுக்காரர். அவருக்கு நாகலாபுரம் பக்கம் மானாவாரிப் புஞ்சை. புரட்டாசியில் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தாரென்றால் விதைப்பு, களையெடுப்பு, உளுந்து, பாசி, மிளகாய் என்று பங்குனி வரைக்கும் ஆளை அசைக்க முடியாது. சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்தால் உழவுக்குக் கிளம்பிவிடுவார். நடுவில் கிடைப்பது மூன்றே வாரம். அந்த மூன்று வாரத்தில் பனி மிச்சம் இருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் இல்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் பக்கம் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் எல்லோருக்குமே உண்டு. மழை எத்தனை மில்லிமீட்டர் என்று நான் பேப்பரில் பார்ப்பேன். அவர் புஞ்சைக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையாலேயே மண்ணைப் பறிப்பார். ஈரம் முடிந்து காய்ந்த மண் எங்கே தட்டுகிறதோ அங்கே நிறுத்தி, விரலை வைத்து அளப்பார். உடனே போன் போகும். இடைசெவலில் என் தம்பிக்கு, எப்போதும்வென்றான் ஊரில் அவருடைய கூட்டாளிக்கு. "இங்கன நாலு விரல். அங்கன எத்தன?" வீடியோவில் பேத்தியிடமும் அந்தக் கையைத்தான் நீட்டுவார். அவளும் தாத்தா கையில் எத்தனை விரல் நிமிர்ந்திருக்கிறது என்று எண்ணி, பத்து விரல் வந்தால் கை தட்டுவாள். பத்து விரல் அவள் பார்த்தது இரண்டு தடவையோ என்னவோ.

மூன்று வருடத்துக்கு முன்னால், மழை ஏமாற்றிய ஓர் ஐப்பசியில், அவருக்கு நெஞ்சு வலி வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். படுக்கையில் கிடந்தவருக்குப் பொழுது போகட்டும் என்று மருமகன் ஒரு வீடியோ அனுப்பினார். மலைச்சரிவு முழுக்க வெள்ளை. குளிர்காலம் பூரா விழுந்தது அப்படியே மலையில் நிற்கும், வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக உருகிக் கீழே வயலுக்கு வரும் என்று போனில் விளக்கினார். இவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"அப்போ ஒரு வருசத்துத் தண்ணி வெளியிலயே நிக்குதா மாப்ள? கம்மா வெட்டல, கர போடல, சும்மா நிக்குதா?" என்று கேட்டார். ஆமாம் மாமா என்றார் மருமகன். அன்று முழுக்க அதையே போட்டுப் போட்டுப் பார்த்தார். சாயங்காலம் நான் கஞ்சி கொடுக்கும்போது, "அத ஒருக்கா பாத்துரணும்ட்டி" என்றார்.

முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் இன்ன குழம்பு வை என்றுகூட வாய் திறந்து கேட்காத மனிதர். பார்த்துவிடலாம் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் டாக்டர் ஒரு முட்டுக்கட்டை போட்டார். கொடைக்கானல் உயரம் வரைக்கும் போகலாம், அதற்கு மேலே இவர் போகவே வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். உயரம் போனால் பனி உண்டு, மூச்சுக்கு ஆபத்து. தாழ்வாகப் போனால் மூச்சு பத்திரம், பனிக்கு உத்தரவாதம் இல்லை. அந்த மூன்று படங்களையும் இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் ஊர் பெரிய ஊர். தங்குகிற விடுதியே கொடைக்கானலுக்கு மேலே. பனி நிச்சயம், சறுக்குப் பாதைகளும் ஏராளம். பேத்தியின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கேதான் போகிறார்கள். இரண்டாவது, வெயில் நன்றாக விழுகிற ஒரு பள்ளத்தாக்கு. பனி குறைந்தால் இயந்திரம் வைத்துப் பனி தூவுவார்களாம். மூன்றாவது, பெயர் வாயில் நுழையாத சின்ன ஊர். கொடைக்கானலைவிடத் தாழ்வு. ரயிலில் போய் இறங்கி, மாடு வளர்க்கிற ஓர் அம்மாள் வீட்டு மாடியில் தங்க வேண்டும். படம் தை மாதத்தில் எடுத்தது, இப்போது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை என்று மகள் குறிப்பு எழுதியிருந்தாள்.

முதலாவதை டாக்டர் அடித்துவிட்டார். நான் யோசித்து இரண்டாவதைச் சொன்னேன். இயந்திரம் இருக்கிறதே, ஏமாற வேண்டாமே. வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"பனியக்கூட மோட்டார் போட்டு இறைக்கானா? அதப் பாக்கவா ஏரோப்ளேன் ஏறணும்?"

பிறகு மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சூரியன் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார். நான் டீச்சர் குரலில், வடக்குப் பார்த்த சரிவில் வெயில் குறைவாக விழும், பனி நிற்கும் என்று விளக்கினேன். நம் புஞ்சையிலேயே மார்கழியில் வரப்புக்கு வடபுறம் ஈரம் இரண்டு நாள் கூட நிற்கிறதே, இதற்கு ஒரு புத்தகமா என்று கேட்டுவிட்டு, வீடியோவில் மகளைக் கூப்பிட்டார்.

"அந்த மாட்டுக்கார அம்மாட்ட ஒண்ணே ஒண்ணு கேளும்மா. மாட்டக் கடைசியா மேய விடுத எடம் எது? எந்த மாசம் விடுதாங்க?"

மகளுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. எல்லோரும் எத்தனை லிஃப்ட் ஓடுகிறது, இன்டர்நெட் இருக்கிறதா என்று கேட்பார்கள், இவர் மாடு மேய்கிற நாளைக் கேட்கச் சொல்கிறாரே என்று என்னிடம் புலம்பினாள். ஆனாலும் கேட்டுவிட்டாள். அந்த அம்மாளோ போனை வைக்கவே இல்லையாம். இத்தனை வருடத்தில் தங்க வருகிறவர்கள் யாரும் தன் மாட்டைப் பற்றிக் கேட்டதில்லை என்று சொல்லிச் சொல்லிப் பேசினாராம். மற்றப் புல்வெளிகளுக்கெல்லாம் மே மாதமே மாடு ஏறிவிடும். சர்ச்சுக்குப் பின்னால் பாறைக்கு அடியில் ஒரு சரிவு இருக்கிறது. அங்கே மட்டும் ஜூன் கடைசி வரைக்கும் மாட்டை விட முடியாது. கொடைக்கானலைவிட உயரம் இல்லை, சாய்வும் அதிகம் இல்லை, ஒரே ஒரு பழைய லிஃப்ட்தான், ஊரில் கடைசியாக மூடுவதும் அதுதான்.

"அங்கனதான் பனி கடைசியா உருகும். அந்த ஊரே போடு" என்றார் இவர்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பக்கம் பேத்தி அழுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு ஒற்றை லிஃப்ட் ஊர் வேண்டாம், தோழிகள் போகிற பெரிய ஊர்தான் வேண்டும். நியாயம்தானே, அவளுக்கும் அது ஒரு வருடத்து ஆசை. மகள் சட்டென்று போனை அணைத்தாள். அதற்குள் இவர் காதில் விழுந்துவிட்டது. அவர்கள் பெரிய ஊருக்கே போகட்டும், நீயும் கூடப் போ, நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், நமக்கு எதுக்கு இந்த வயதில் என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீங்கள் வராத இடத்தில் எனக்கு என்ன ஜோலி என்று கத்தினேன். உள்ளே போய் மகளைக் கூப்பிட்டு, மூன்றாவது ஊரையே பதிவு செய், பனி இல்லாவிட்டால் என்னைக் கேள், பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் பயம் வந்தது. அங்கே பனி இல்லாமல் போனால் பிள்ளையின் விடுமுறையையும் கெடுத்து, இவர் மனதையும் உடைத்தவள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த ஊரில் நாங்கள் ரயிலை விட்டு இறங்கும்போது மழை பெய்துகொண்டிருந்தது. புல் பழுப்பும் பச்சையுமாகக் கிடந்தது. ரோட்டோரத்தில் மட்டும் அழுக்கு உப்புக் குவியல் மாதிரி ஏதோ கிடந்தது. இதுவா பனி என்று மருமகனைக் கேட்டேன். ஒதுக்கிப் போட்டது அத்தை என்றார் சங்கடமாக. மேலே பார்த்தால் மேகம், மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

இரண்டு நாள் அந்த மழை விடவில்லை. மழையைத் திட்ட எங்கள் வீட்டுக்காரருக்கு வாய் வராது. ஜன்னலோரம் உட்கார்ந்து, "நல்ல மழைதான், நல்ல மழைதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தி சறுக்குப் பலகைகளைக் கதவோரம் சாத்திவிட்டு, தோழிகள் அனுப்பிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைக் கவனித்துவிட்டு இவர் மெதுவாக என்னிடம், "நான் ஆசப்பட்டிருக்கக் கூடாது" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டி, எங்கள் ஜன்னல் திரையைத் தானே இழுத்துவிட்டார். வானம் வெளுத்திருந்தது. கீழே மழை என்றால் மேலே பனி என்று சொல்கிறார், அதுவும் இரண்டு நாளும் என்று மகள் மொழிபெயர்த்தாள். உயரம் கூடக் குளிர் கூடும் என்று முப்பத்தோரு வருடம் பிள்ளைகளை எழுத வைத்தவள் நான். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, இது என் மரமண்டையில் உறைக்கவில்லை.

சர்ச்சுக்குப் பின்னால் காட்டுப் பாதையில் மெதுவாக ஏறினோம். நான் இவர் மூச்சையே கவனித்துக்கொண்டு வந்தேன். பேத்தி பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனாள். மரங்கள் முடிகிற இடத்தில் அவள் நின்றுவிட்டாள். நாங்களும் போய் அவள் பக்கத்தில் நின்றோம்.

என்ன சொல்ல! பாறையடியிலிருந்து எங்கள் காலடி வரைக்கும் ஒரே வெள்ளை. ஒரு கால் தடம் கிடையாது, ஒரு புல் நுனி கிடையாது. சத்தம்கூடக் கிடையாது. இத்தனை வருடம் நான் வகுப்பில் சொன்னதெல்லாம் பொய்யில்லை, ஆனால் இதில் ஒரு சொட்டுகூட அதில் இல்லை. மலை இவ்வளவு பெரிதா, தண்ணீர் இப்படியும் நிற்குமா என்று வாய் பிளந்து நின்றேன். கண்ணில் நீர் வழிந்ததை மகள் சொல்லித்தான் துடைத்தேன். பக்கத்திலிருந்து பேத்தியின் குரல், "வாவ் தாத்தா" என்றது.

தாத்தா எங்கே என்று பார்த்தால், குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். புஞ்சைக்குள் செருப்போடு இறங்கிப் பழக்கமில்லாத கால். போட்டேன் ஒரு சத்தம். விரல் கறுத்துப் போகும், கட்டுங்கள் என்று நானே கட்டிவிட்டேன். அப்புறமும் உள்ளே கால் வைக்க மாட்டேன் என்றார். ஈரத்தில் மிதித்தால் மண் இறுகிவிடும் என்று நாற்பது வருடம் கரையிலேயே நின்று பழகியவர். பேத்தி லிஃப்டைப் பிடித்து மேலே போனாள். மகளும் மருமகனும் அவள் பின்னால் போனார்கள்.

இவர் வெள்ளையின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வலது கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். விரல்களை உள்ளே விட்டுப் பறிக்க ஆரம்பித்தார். மணிக்கட்டு போயிற்று. பறித்ததை ஒரு பக்கமாகக் குவித்தார். முழங்கை போயிற்று. ஸ்வெட்டர் நனைந்தது. ஒருக்களித்துச் சாய்ந்து இன்னும் உள்ளே விட்டார், தோள் பனியில் முட்டியது. முகம் வானத்தைப் பார்த்திருந்தது. மூச்சு சீராகத்தான் வந்தது.

சரிவின் உச்சியிலிருந்து பேத்தி புறப்பட்டு, இரண்டு கோடு இழுத்தபடி வளைந்து வளைந்து எங்களை நோக்கி வந்தாள். கன்னமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்க, எங்கள் முன்னால் வந்து நின்றாள். தாத்தாவின் கை போயிருக்கிற இடத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை விரல், தாத்தா?"

கை விறைத்துவிடும், எடுங்கள் என்று கத்த வேண்டியவள் நான். கத்தவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை இன்னும் கொஞ்சம் உள்ளே எட்டினார்.

"இரு தாயி," என்றார். "காஞ்ச மண்ணு இன்னும் தட்டல."