போகாத சேர்

நாங்கள் குடியேறிய எப்சம் நகரில் மகனின் கிரிக்கெட் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். பக்கத்தில் ஒருவர் புது மட்டைக்கு எண்ணெய் பூசினார். அந்த மணத்தில் யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டேன்.

அங்கே பள்ளிக்கூடத்தையும் கல்லூரி என்போம். எங்கள் கல்லூரி அணி அப்போது தோற்றுக்கொண்டே இருந்தது. பயிற்சியாளர் அருளப்பு சேரைப் பெரிய கல்லூரி ஒன்று வீடும் தருவதாகச் சொல்லிக் கூப்பிட்டிருந்தது. எனக்குப் பத்து வயது. பயத்தோடு மைதானத்துக்கு ஓடினேன். அணிப் பையன்கள் ஒரு பக்கம் பயிற்சி செய்ய, சேர் பிட்ச்சுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"சேர், நீங்கள் போகேல்லையோ?"

"உவங்கள் இப்பதான் பந்தைப் பாத்து அடிக்கத் தொடங்கியிருக்கிறாங்கள். விட்டிட்டு எங்கை பிள்ளை போறது?"

அந்த வருடமும் தோற்றோம். கடைசி விக்கெட் விழுந்ததும் சேர் எழுந்து நின்று கைதட்டினார். நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

காரில் வரும்போது மகனுக்கு இதைச் சொன்னேன்.

"டிட் தே எவர் வின், அம்மா?"

"நான் படிச்ச காலத்திலை இல்லை. ஆனா சேர் கடைசிவரைக்கும் எங்களோடைதான் இருந்தவர்."