கைதடியில் நின்றுபோன லண்டன் பயணம்

1992ஆம் ஆண்டு. லண்டனிலிருந்த மகளுக்குத் தலைப்பிரசவம். மருமகன் எனக்கு விமானச்சீட்டு எடுத்துவிட்டு, கொழும்பிலிருந்த உறவினர் மூலம் யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்திலிருந்த எங்கள் வீட்டுக்குச் சொல்லியனுப்பினார். “கொழும்பிலையிருந்து ஐயாயிரத்துச் சொச்சம் மைல். பதினொரு மணித்தியாலத்திலை வந்திடலாம் மாமி” என்பதுதான் சேதி. அவர் ஊரைவிட்டுப் போனது ரயில் ஓடிய காலத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஓர் இரவுப் பயணம் என்ற பழைய கணக்கிலேயே நாள் குறித்துவிட்டார். சண்டையால் இப்போது ரயிலும் இல்லை, ஆனையிறவுப் பாதையும் இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. ஊரைவிட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுப்பதிலேயே பாதி நாள்கள் போய்விட்டன.

புறப்பட்ட அன்று மாலை, கடலேரியைக் கடக்கக் கிளாலியில் படகு பிடித்தால்தான் விமானத்துக்குப் போய்ச் சேரலாம். பிள்ளை பெற்றபின் மகளுக்குக் கறி வைக்கச் சரக்குத்தூள், காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் எல்லாம் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுத் தம்பியின் மொறிஸ் மைனர் காரில் புறப்பட்டேன். பெற்றோலுக்குத் தடை இருந்ததால் அப்போது எங்கள் வாகனங்களெல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் ஸ்டார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். மருந்துப் போத்தலில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள்.

கைதடி தாண்டியதும் குறுக்கே ஆடுகள் வந்தன. தம்பி பிரேக் போட, கார் நின்றுவிட்டது. போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தும் ஒரு சொட்டு வரவில்லை. நல்ல வெயில். தெருவோரத்தில் மூட்டையின்மேல் குந்தியிருந்து நான் அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

எதிரே ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் வெறும் மீன்பெட்டி. நான் சொன்னது இரைச்சலில் கேட்கவில்லையென்று எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பக் கேட்டார்.

“லண்டனுக்குப் போறன் தம்பி. மகளுக்குப் பிள்ளைப்பேறு. கார் நிண்டு போச்சு.”

“உந்தக் காரிலையோ லண்டனுக்கு?” என்று சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்குள் அவர் தன்னுடைய பெற்றோல் போத்தலை எடுத்துவிட்டார். முதல்முறை விட்டதில் கார் இருமியது, அவ்வளவுதான். மிச்சம் முழுவதையும் ஊற்றிய பிறகே பிடித்தது.

“அப்ப நீங்கள் எப்பிடி ஸ்டார்ட் பண்ணுவியள்?” என்றேன்.

“என்ரை வீடு உதிலை கிட்டத்தான் அம்மா. இனி எங்கையும் நிப்பாட்டாமல் ஓடுங்கோ.”

கார் ஓடத் தொடங்கியதும் திரும்பிப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

“உவர் சந்தைக்கு மீன் கொண்டு வாறவர், அக்கா. குருநகர் ஆள்” என்றார் தம்பி. குருநகர் அங்கிருந்து ஆறேழு மைல். “ஐயோ, நிப்பாட்டு!” என்று கத்தினேன். நிறுத்தினால் நாங்களும் அங்கேயேதான். தம்பி நிறுத்தவில்லை.

படகு கிடைத்தது, விமானமும் கிடைத்தது. பேத்தி பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். லண்டன் விமான நிலையத்தில் நான் வந்திறங்கிய அன்று மருமகன், “பாத்தியளே மாமி, பதினொரு மணித்தியாலந்தானே?” என்று பெருமையாகக் கேட்டார். “ஓம்” என்று சொல்லிவிட்டேன். லண்டன் எவ்வளவு தூரம் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், விமானம் பறந்த தூரம் எனக்கு நினைவில் வருவதில்லை. பெயர்கூடக் கேட்காமல் விட்ட அந்த மனிதர் எனக்காக வெயிலில் உருட்டிக்கொண்டு போன ஆறேழு மைல்தான் வருகிறது.