மணியடித்துவிட்டு நிற்பவள்

மும்பை மாட்டுங்காவில் நடைபாதைப் புத்தகக் கடை முன்னால் நின்றுகொண்டு, ஒரு கதவு திறந்ததா இல்லையா என்று நானும் ஒரு பெரியவரும் ரொம்ப நாளாகச் சண்டை போட்டுவந்தோம். அவர் அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தாராவியில் எங்கள் அண்ணனின் பை பட்டறையில் கணக்குப் பார்ப்பவள். நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை, எப்போது என்று கேட்டவர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அது ஒரு தனிச் சுகம். எனக்கும் பெரியவருக்கும் பொதுவாக இருந்தது இங்கிலீஷ் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் மட்டும்தான்.

இந்த வயதிலா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. சின்ன வயதில் யார் யாரை அடித்தார்கள் என்று பார்த்தோம். இப்போது அடித்துவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறோம். எங்களோடு சேர்ந்து காமிக்ஸுக்கும் வயதாகிவிட்டது. முன்பெல்லாம் ஊரில் பாதியை இடித்துத் தள்ளி மீதியைக் காப்பாற்றிவிட்டு நாயகன் பாட்டுக்குப் பறந்து போய்விடுவான். இப்போதைய நாயகர்களுக்குத் தூக்கம் வருவதில்லை. மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுகிறார்கள். பாத்திரம்கூடக் கழுவுகிறார்கள். பெரியவர் இதில் எனக்கும் ஒரு படி மேல். "சண்டை வர்ற பக்கத்தையெல்லாம் நான் தள்ளிடுவேன். அதெல்லாம் ஆஃபீஸ்லயே பார்த்தாச்சு" என்பார்.

எங்கள் சண்டை ஒரு தொடரின் கடைசி இதழைப் பற்றியது. அதன் நாயகி ஒற்றைக் கையால் ரயிலை நிறுத்துகிறவள். ஊரைக் காப்பாற்றப் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரியின் சமையலறைச் சுவரை இடித்துவிடுகிறாள். ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடைசி இதழில் வில்லனே கிடையாது. அவள் உட்கார்ந்து செங்கல் பொறுக்குகிறாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று கண்ணாடி முன்னால் பேசிப் பார்க்கிறாள். கடைசிப் பக்கத்தில் அந்த வீட்டு மணியை அடித்துவிட்டு வாசலில் நிற்கிறாள். சுண்டுவிரலால் தள்ளினால் கதவு பெயர்ந்து விழும். ஆனாலும் நிற்கிறாள். அங்கே கதை முடிகிறது. அப்புறம் அந்தத் தொடரே வரவில்லை.

கதவு திறந்திருக்கும் என்பது பெரியவரின் கட்சி. திறந்திருக்காது என்பது என் கட்சி.

"மனுசங்க அவ்வளவு லேசுல தொறக்க மாட்டாங்க சார். அத ஒத்துக்கிடுததுதான் பக்குவம்" என்று பெரிய ஞானி மாதிரி சொல்வேன். என் பக்குவம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது போன மழைக்காலத்தில் தெரிந்துபோயிற்று.

செம்பூரில் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணன், மைனி, நான். மைனி என்பது எங்கள் திருநெல்வேலிப் பேச்சில் அண்ணன் மனைவி. மைனிக்கும் எனக்கும் சண்டை கிடையாது. பெரிய ஒட்டுதலும் கிடையாது. உப்பு போதுமா, கேஸ் எப்போது வரும் என்ற அளவில் நல்லபடியாகவே ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையில் பேக்கிங் முழுக்க மைனியின் பொறுப்பு. அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தமிழைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் ஒரு பையைத் தூக்கிப் பார்த்ததும் தையல் எங்கே கோணி இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

வீட்டில் இடம் போதாததால் என் காமிக்ஸ் எல்லாம் பட்டறைப் பரணில், ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தது. மழையில் பரண் ஒழுகியது. அண்ணன் நல்ல எண்ணத்தோடு பெட்டியை இறக்கிக் கீழே வைத்தார். வைத்த இடம்தான் வினை.

புதுப் பை தொய்ந்து போகாமல் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் உள்ளே தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும். செய்தித்தாளைத் திணித்தால் அதன் மை பைக்குள் இருக்கும் துணியில் ஒட்டும். அதனால் பழைய பத்திரிகை மாதிரி வழவழப்பான தாள் கிடைத்தால் பேக்கிங் பெண்களுக்குக் கொண்டாட்டம். ரத்திக் கடை என்கிற பழைய பேப்பர் கடையில் அப்படிப்பட்ட பழைய தாளாகப் பார்த்து வாங்கி, அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்போம். அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அண்ணன் என் பெட்டியை வைத்திருந்தார். அன்றைக்கு ஐரோலியில் உள்ள ஒரு ஐ.டி. கம்பெனிக்கு, அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் கொடுக்கும் பைகள் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. நான் பேங்குக்குப் போயிருந்தேன்.

திரும்பி வந்தபோது டெம்போ கிளம்பிப் போய்விட்டது. என் பெட்டி காலியாகக் கிடந்தது. அடியில் ஒரே ஒரு மேலட்டை, ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிய ஓட்டையோடு.

"மைனி, இதுல இருந்த புக்கெல்லாம் எங்க?"

"பைக்குள்ள வச்சாச்சு. நல்ல தாளுட்டி. ஒவ்வொரு பையும் எப்படி கிண்ணுன்னு நிக்கு தெரியுமா?"

சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவர், அப்படியே நிறுத்தினார்.

கத்துவதில் நான் கஞ்சத்தனம் பார்க்கிற ஆள் கிடையாது. தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்துவேன் என்று பட்டறையில் எனக்குப் பெயர். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அண்ணன் வீடு, மைனியின் சமையலறை, புனேயில் படிக்கிற அண்ணன் மகன் விட்டுப்போன கட்டில். அவர்கள் ஒரு நாளும் அப்படி நினைத்ததில்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றும். என்னுடையது என்று சொல்ல அந்தப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அதையும் கசக்கித் திணித்தாயிற்று.

அதற்கப்புறம் பட்டறை, வீடு, சாப்பாடு, சாத்திய கதவு. மைனியோடு ஒரு வார்த்தை கிடையாது. காலையில் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து கதவை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். கதவிடுக்கில் அவர் காலின் நிழல் தெரியும். கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்கும், நிழல் போய்விடும். நான் திறக்க மாட்டேன்.

அண்ணன் தன் பங்குக்குச் சமாதானம் பேசினார். "பொம்ம புஸ்தகத்துக்கா ஏட்டி இம்புட்டு? ரத்திக் கடையில ஒரு மூட்ட அள்ளிட்டு வாரேன், போதுமா?" நான் பார்த்த பார்வையில் டி.வி. பார்க்கப் போய்விட்டார்.

தனியாகப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். தேவ்நார் பக்கம் ஒரு அறை வாடகைக்கு இருப்பதாகச் சொன்னார்கள். கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசி, மாதக் கடைசியில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவைத்தேன். அண்ணனிடம் மூச்சு விடவில்லை.

இப்படி இருக்கும்போது ஐரோலியில் இருந்து ஒரு பெண் போன் செய்தாள். பையில் தொங்கும் சீட்டில் பட்டறையின் நம்பர் இருக்கும். ஜிப் கெட்டுப்போனால்தான் யாரும் அழைப்பார்கள். இவள் இந்தியில் ஆரம்பித்து, என் இந்தியைக் கேட்டுவிட்டு, "நீங்க தமிழா?" என்று சிரித்தாள்.

"மேடம், பைக்குள்ள காமிக்ஸ் பக்கம் இருந்தது. முதுகுல கேப் பறக்க ஒரு பொண்ணு செங்கல் பொறுக்கறா. ஏன் பொறுக்கறா? இதுக்கு முந்தின பக்கம் எங்க இருக்கு?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முந்தின பக்கம் உங்கள் ஆபீஸில் வேறு யார் பையிலாவது இருக்கும் என்றேன்.

அடுத்த சில நாள் அவள் தினமும் கூப்பிட்டாள். மாடி மாடியாகக் கேட்டுப் பக்கங்களைச் சேகரித்தார்களாம். ஒருவர் வீட்டில் துணியோடு துணியாக இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தாராம். யாரிடமும் சிரித்துப் பேசாத ஒரு மேனேஜர், கண்ணாடி முன்னால் நாயகி பேசிப் பார்க்கிற பக்கத்தைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டு, போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். பிற இதழ்களின் அடிதடிப் பக்கங்கள் கேட்பாரில்லாமல் கிடந்தன என்றாள். தலை நரைத்த மனிதர்கள் டீ நேரத்தில் கூடி, சுவரை இடித்தவள் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்களாம். நான் வருஷக்கணக்கில் மாட்டுங்கா நடைபாதையில் தொண்டை வற்றப் பேசியதை, என் கசங்கிய தாள்கள் ஐரோலியில் போய்ச் சாதித்துவிட்டன. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் மைனியிடம் மட்டும் பேசவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கூடத்தில் நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். "எல்லாம் கிடைச்சிடுச்சு மேடம். கடைசிப் பக்கம் மட்டும் யார்கிட்டயும் இல்ல" என்றாள். கடைசிப் பக்கமா, அதில்தானே அவள் கதவுக்கு முன்னால் நிற்கிறாள் என்று நான் சத்தமாகச் சொன்னேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மைனி தன் பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் கைவிட்டு எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். கொண்டுவந்து நீட்டினார். கடைசிப் பக்கம். ஒரு மடிப்புக்கூட இல்லை.

"இதையாட்டி தேடுத?"

"இது எப்படி உங்ககிட்ட?"

"எல்லாத்தையும் கசக்குனேன். இத மட்டும் கசக்க கை வரல. ஆளப் பாத்தா பயில்வான் கணக்கா இருக்கா. மூஞ்சியப் பாரு, பரிச்சைக்குப் போற பிள்ள மாதிரி. அதான் எடுத்து வச்சேன்."

"அன்னைக்கே குடுத்திருக்கலாம்லா மைனி."

"நீ கதவத் தொறந்தால்லா குடுக்க? தெனமும் காப்பியோட இதையும்தான் கொண்டாந்தேன்."

மைனி படத்தில் இருந்த கதவை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இவளுக்கு இருக்க பெலத்துக்கு ஒரு தள்ளு தள்ளுனா போதுமே. எதுக்கு நிக்கா?"

"உள்ள இருக்கவளா வந்து தொறக்கணும்னு நிக்கா."

"தொறந்தாளா?"

"தெரியாது மைனி. கத இத்தோட முடிஞ்சிட்டு."

மைனி படத்தில் நிற்கிறவளை விரலால் தடவினார். "நானும் இப்படித்தான நின்னேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மாற்றுச் சாவி அவர் கையில் உண்டு, வீட்டில் எல்லா அறைக்கும் உண்டு. நினைத்திருந்தால் திறந்துகொண்டு உள்ளே வந்திருக்கலாம். இத்தனை காமிக்ஸ் படித்தவள், கதையில் நான் வாசலில் நிற்கிறவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே உட்கார்ந்திருக்கிறவள் என்று தோன்றவே இல்லை.

அடுப்புப் பக்கம் போன மைனி, திரும்பாமலே சொன்னார். "அந்தத் தேவ்நார் ரூமு வேண்டாம் பிள்ள. அங்க தண்ணி ஒரு வேளதான் வருமாம். விசாரிச்சேன்."

கதவுக்கு வெளியே நின்றவர் காதில் என் போன் பேச்சு விழுந்திருக்கிறது. நான் போகப்போவது தெரிந்தும் தடுக்கவில்லை. போகிற இடத்தில் தண்ணீர் வருமா என்று போய்க் கேட்டிருக்கிறார். நான் சிரித்தேன், அப்புறம் அழுதேன், மைனி தோளில் சாய்ந்து கொஞ்சம் மூக்கையும் துடைத்துக்கொண்டேன். "சேலயில துடைக்காதட்டி, புதுசு" என்றார். அந்த வீட்டில் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்த சாயங்காலம் வேறு இல்லை.

காப்பி போட்டுத் தந்தார். சமையலறையிலேயே உட்கார்ந்து, சூடாகக் குடித்தேன். கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஐரோலிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"மேடம், அவ்ளோதானா? கதவு திறந்ததா, இல்லையா? இங்க எல்லாரும் கேக்கறாங்க."

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா பெரியவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அவர் கட்சி ஜெயித்துவிட்டது. வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். சொல்லட்டும்.

"திறந்தது. கொஞ்சம் லேட்டாக" என்று எழுதி அனுப்பிவிட்டு, மைனிக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுக்க எழுந்தேன்.